அண்ணன் மெச்சிய சீலிங்

என் அண்ணனைப் பட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வெள்ளை மாவைக் குழைத்துச் சுவரில் மேடுபள்ளம் தெரியாமல் இழுப்பார்களே, அந்தப் பட்டி. அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பது வருஷம் அந்தத் தூளை மூக்கால் இழுத்து, இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "இனிமே ஏணியைத் தொட்டா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார்.

வேறு தொழில் தெரியாது. அதனால் அண்ணியின் வளையல் ஆறையும் விற்று, ஒரு பழைய மாடி வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்தான். மீதிக்கு அண்ணி பெயரில் பேங்க் கடன். மேல்வீட்டு வாடகை கடனுக்கு, கீழ்வீட்டு வாடகை வயிற்றுக்கு.

கொடுப்பதற்கு முன் மூன்று தடவை போய்ப் பார்த்தோம். அங்கேதான் இந்த மடையன் கெட்டான். வேறு யாராவது என்றால் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். இவன் மேல்வீட்டுப் பின்னறையில் அண்ணாந்து நின்று, சீலிங்கைப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா பாப்பா, கண்ணாடி மாதிரி இழுத்திருக்கான். எவனோ நல்ல கைக்காரன். இவ்வளவு அக்கறையா வெச்சிருக்கிற வீட்ல என்ன குறை இருந்துடப் போகுது?"

நானும் மண்டையை ஆட்டினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பத்திரம் பதிய நாலு நாள் இருந்தது. மொட்டைமாடித் தொட்டிக்கடியில் சின்னதாக ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூட்டிப்போனோம். அவர் தொட்டியைப் பார்த்த கையோடு பின்னறைக்கு வந்து, ஒரு கம்பால் சீலிங்கின் மூலையில் தட்டினார். பொத்து பொத்தென்றது. இன்னொரு தட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு துண்டு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. மேலே கம்பியெல்லாம் துருவேறி உப்பிக் கிடந்தது.

"பாதித் தளத்தை இடிச்சுப் புதுசா போடணும் பட்டியண்ணே. ஆளுங்க படுத்திருக்கும்போது விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்."

அதற்கு அவர் சொன்ன தொகை அட்வான்ஸைப் போல மூன்று மடங்கு.

அண்ணன் அந்தத் துண்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டி காய்ந்ததா என்று பார்க்க, வேலை முடிந்ததும் மூலையில் கட்டைவிரலை அழுத்துவது அவன் பழக்கம். எப்போதோ பட்டி இழுக்கிற தகடு கிழித்த தழும்பு அந்த விரலில் குறுக்கே ஓடும். துண்டின் ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில் ஒரு சின்னக் குழி. குழிக்குள் குறுக்கே ஒரு கோடு. விரலை வைத்தான். பொருந்தியது.

"நான்தான்" என்றான். "காண்ட்ராக்டர் வேன்ல ஏத்தி வீடு வீடா இறக்கிவிடுவான். இது எந்த வீடுன்னு யாரு கண்டா? ஈரமா இருக்கேன்னு கேட்டேன். மூடுடான்னான். மூடினேன்."

வீட்டுக்காரர் வந்ததும் அதை அவரிடமும் அப்படியே சொன்னான். அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்: "மூடினதுக்குக் கூலி வாங்கினியா இல்லையா? இப்ப என்னய்யா எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டே? அட்வான்ஸ் திரும்பாது. சாவி இந்தா. நாளைக்கே நீ இன்னொரு பட்டி இழுத்துக் குடி வெச்சுடு. வர்றவனுக்கு என்ன தெரியப் போகுது?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இழுத்துடுங்க. வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க." பாவம் புண்ணியம் பேசுகிற நிலையிலா இருந்தோம்?

மறுநாள் காலையில் பட்டி குழைத்துக் கொடுத்தேன். ஏணியை அண்ணி பிடித்துக்கொண்டாள். இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி ஏறினான். தகட்டில் எடுத்து முதல் இழுப்பு இழுத்தான். என்ன வழவழப்பு! பாவி மனுஷன், கை இன்னும் போகவில்லை.

இரண்டாவது இழுப்புக்கு முன் கீழே பார்த்தான். "பாப்பா, இந்த ரூம்ல கட்டிலை எங்க போடுவாங்க?"

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஜன்னலோரமா. வேற எங்க இடமிருக்கு?"

ஜன்னல் அவனுக்கு நேர் கீழே இருந்தது. தகட்டை ஏணிப்படியில் வைத்தான்.

"சுத்தியலை எடு."

"ஐயோ, வேண்டாங்க" என்றாள் அண்ணி. ஆனால் ஏணியை விடவில்லை. அரை மணி நேரம் அடித்தான். இருமுவதும் அடிப்பதுமாக அந்தப் பின்னறைச் சீலிங் பூராவையும் கம்பி தெரிய இறக்கிவிட்டான். எங்கள் மூன்று பேர் தலையும் வெள்ளையாகிவிட்டது. சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "அட்வான்ஸ் போச்சு, தெரியுதா?" என்று கத்தினார்.

"தெரியுது. இனிமே வர்றவனும் அண்ணாந்து பாத்தா தெரியும்" என்றான் அண்ணன்.

பத்திரம், பேங்க் கடன் எல்லாம் அதோடு நின்றுபோனது. திங்கட்கிழமை பழைய காண்ட்ராக்டர் வேனில் அவனும் ஏறினான், கூடவே அண்ணியும். ஏணி பிடிக்க அவளுக்கு அரைக் கூலி தருகிறார்கள். டாக்டரிடம் நாங்கள் போகவில்லை. வராதே என்று அவர்தான் முன்னாலேயே சொல்லிவிட்டாரே.