கோவிந்தம்மா உடைத்த மணல்திட்டு

புயல் ஓய்ந்து மூன்று நாளாகியும் குப்பத்தில் முழங்கால் தண்ணீர் வடியவில்லை. ஆற்று வெள்ளம் ஏரியை நிரப்பிவிட்டது. கடலோ முகத்துவாரத்தை மணலால் அடைத்துவிட்டது. திட்டை வெட்டினால் தண்ணீர் தானே கடலுக்குப் போகும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் அம்மன் உத்தரவில்லாமல் வெட்டக்கூடாது என்பது வழக்கம். சிலையின் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இரண்டு நாளாகப் பூ விழவில்லை.

கோவிந்தம்மாவுக்கு உடம்பெல்லாம் அலுப்பு. புருஷன் கடலோடு போனபின் பதினோரு வருஷம், அவன் படகை மகளோடு தானே தள்ளி, ஒல்லாந்தர் கோட்டைச் சமையற்கட்டுக்கு இறால் சுமந்தவள். ஏரியில் யார் எந்த நாள் வலைபோடுவது என்ற முறைக்குப் பாடு என்று பேர். சீட்டுக் குலுக்கித்தான் பாடு கிடைக்கும். படகு இருந்தால்தான் சீட்டு. அந்தப் படகு இப்போது கட்டியிருந்த தறிக்கம்பத்தில் முட்டி முட்டிப் பிளந்துகொண்டிருந்தது.

"நனைஞ்ச பூ கல்லுல ஒட்டிக்கினு கீது, தலைவரே. அது எப்படி விழும்?" என்றாள்.

"கம்முனு இரு. பொம்பள வாயாலதான் ஆத்தா கோச்சிக்கினு கீறா," என்றார் தலைவர் சிங்காரம். "நாளைக்கு வேற பூ வைக்கலாம்."

"நாளைக்கு உன் ஊடு மேட்டுல நிக்கும். எங்க ஊடு நிக்காது."

துடுப்பை எடுத்துக்கொண்டு போய்த் திட்டைத் தோண்ட ஆரம்பித்தாள். வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ராஜவேலு மண்வெட்டியோடு வந்தான்.

"அக்கா, சாமி குத்தம் வந்தா பாதி என் கணக்குல போட்டுக்கோ."

அப்புறம் பத்துப் பேர் வந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஏரி கடலுக்குள் பாய்ந்தது. வீடுகள் தப்பின. அந்த இழுப்பில் கோவிந்தம்மாவின் தறிக்கம்பம் பிடுங்கிக்கொண்டது. படகு போயே போய்விட்டது.

எட்டாம் நாள் சீட்டுக் குலுக்க ஊர் கூடியது.

"படகு இல்லாதவளுக்கு இன்னா சீட்டு? எழுந்திரு," என்றார் சிங்காரம்.

ஊரையே கரையேற்றியவளிடம் சொன்ன பேச்சு இது. கோவிந்தம்மா எழவில்லை.

"காலு வலிக்குது. நீ குலுக்கறதைக் குலுக்கு."

ராஜவேலு ஓலை நறுக்கு ஒன்றில் அவள் அடையாளத்தைக் கீறினான். "அக்கா பாடு வர்ற நாளுல என் படகு போவும். போடு, தலைவரே."

சிங்காரம் சுற்றிலும் பார்த்தார். திட்டை வெட்டிய பத்துப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலை குடத்துக்குள் விழுந்தது. குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

கோவிந்தம்மா காலை நீட்டிக்கொண்டாள். தன் முறை எந்த நாளில் வந்தது என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.