சிஞ்ஞோராவின் விடுமுறை வீடும் என் வியாழக்கிழமையும்

விடுமுறை வீட்டில் வேலை செய்வதென்றால், மற்றவர்கள் சும்மா இருப்பதற்காக நாங்கள் ஓடித்திரிவது. இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் உங்களில் பலருக்கு வீட்டுக்கார அம்மாவாக ஒரு சிஞ்ஞோரா, ஒரு குடும்பம். எனக்கு ஒரு சிஞ்ஞோராவும் கிழமைக்கொரு புதுக் குடும்பமும். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவுக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டத்துக்குள் இருந்த அந்தச் சின்ன வீட்டை அவர் கோடை முழுக்க இங்கிலாந்துக்காரருக்கு வாடகைக்கு விடுவார். பின்னறை எனக்கு. கூட்டுவது, சமைப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது எல்லாம் நான். ஊரில் பட்டப்படிப்பு முடித்து, ஆங்கிலமும் கொஞ்சம் தெரிந்தவள் என்பதால், "பக்கத்தில் என்ன பார்க்கலாம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் நான். தெரியாதவர் முன் வாய் திறக்கவே கூசுகிற எனக்கு அந்தக் கடைசி வேலைதான் பெரிய பாடு.

உங்களைப் போலவே எனக்கும் ஞாயிறும் வியாழன் பின்னேரமும் லீவு. கோடை தொடங்கியதும் ஞாயிறை சிஞ்ஞோரா எடுத்துக்கொண்டார். வியாழனிலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. அதை மட்டும் விடுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். மனதுக்குள் மட்டும்தான்.

உச்சி வெயிலில் நடை

ஜூனில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும், நடக்க நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கே போக வேண்டும் என்றேன். எங்கேயும் இல்லை, சும்மா நடக்க என்றார்கள். எங்கள் மன்னாரில் உச்சி வெயிலில் நடந்து போகிறவர் பஸ்ஸைத் தவறவிட்டவர். இருந்தாலும், மீன்பிடி வள்ளங்கள் நிற்கும் கரைக்குப் போகும் பாதையைக் காட்டினேன்.

மதியம் தொப்பியும் தடியுமாகப் புறப்பட்டார்கள். ஏதோ ஆபத்து என்று நினைத்து, வழியில் வந்த கார்க்காரரெல்லாம் நிறுத்தி, ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் அவித்த நண்டு நிறம். என்னைத்தான் திட்டப்போகிறார்கள் என்று தண்ணீரோடு காத்து நின்றேன். ஆசிரியர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அருமையான நடை. பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் எங்கேயும் நிற்க வேண்டியும் வரவில்லை."

பூதங்கள்

வருகிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சிஞ்ஞோரா எனக்குப் பாடமாக்கி வைத்திருந்தார். முதலில், மதிலெல்லாம் பூதச் சிலைகள் நிற்கும் பழைய மாளிகை. பிறகு, அதற்குப் பக்கத்தில் அவருடைய தம்பியின் சாப்பாட்டுக் கடை. வேறு ஒன்றும் சொல்லக்கூடாது. மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு தகப்பனிடம் அதை அப்படியே ஒப்புவித்தேன். சிலைகள் கொஞ்சம் அகோரமாக இருக்கும், சின்னவன் பயப்படக்கூடும் என்று மட்டும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவர் குசினிக்குள் வந்து, வீட்டில் பாணும் முட்டையும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். சாப்பிடவில்லையா என்றேன். "சிலைகளைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சாப்பாட்டுக் கடையில் விலையைப் பார்த்துத்தான் பயந்துபோனோம்."

பல்லரோவில் வாங்கியது

ஆகஸ்டில் வயதான சகோதரிகள் இருவர் வந்தார்கள். மூத்தவர் டோரதி. என் பின்னறையிலிருந்து வந்த மீன்குழம்பு மணத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சாமான் எல்லாம் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டார். பலெர்மோவில், பல்லரோச் சந்தையில். ஆனால் அங்கே திருடர்கள், விருந்தாளிகள் போகவே கூடாது என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. அந்தத் திருடர்களிடம்தான் நான் வந்த நாள் முதல் மிளகாய்த்தூள் வாங்குகிறேன். எந்த ரயில், எந்தத் தெரு என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

கத்தரிக்காய், பீச்சுப்பழம், சமைத்துச் சாப்பிடவென்று ஒரு கடதாசிப் பை நிறைய உயிர் நத்தை எல்லாம் வாங்கி வந்தார்கள். நத்தையைப் பையோடு குசினித் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். விடிய நான் கதவைத் திறந்தால், சுவரில் நத்தை, யன்னலில் நத்தை, சிஞ்ஞோராவின் அம்மாவின் படத்தில் மூக்குக்கு மேல் ஒரு நத்தை. தும்புத்தடியோடு நான் நிற்கும்போதே சிஞ்ஞோராவின் கார் வந்து நின்றது.

"இவர்களை அங்கே அனுப்பியது யார்?"

"நான்தான், சிஞ்ஞோரா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சகோதரிகள் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், என்ன திருட்டுப் போனது என்று கேட்டார். டோரதி யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒன்றும் போகவில்லை. கேட்டதைவிடக் கூடத்தான் போட்டுத் தந்தார்கள், நீங்களே பார்க்கிறீர்களே."

அங்கே என்ன வேலை?

நத்தைக்குத் தண்டனை அதே கிழமை புதனன்று வந்தது. "நாளைக்குப் பின்னேரம் என் சிநேகிதிகள் கோப்பி குடிக்க வருகிறார்கள். நீ நிற்க வேண்டும்" என்றார் சிஞ்ஞோரா.

"நாளைக்கு வியாழன்."

"தெரியும். பலெர்மோவில் உனக்கு அப்படி என்ன வேலை?"

கோயில் என்று சொல்லியிருக்கலாம். சிநேகிதிக்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். விட்டிருப்பார், ஆனால் தான் செய்த உபகாரமாக. பிறகு ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு நோயாளியை நான் தேட வேண்டியிருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சும்மா இருக்கக் காரணம் என்ன என்று யாரும் கேட்பதில்லையே.

"ஒன்றும் இல்லை, சிஞ்ஞோரா. அதற்குத்தான் போகிறேன்."

வேலை போனால் அறையும் போகும். வேலையில்லாமல் குவெஸ்தூராவுக்குப் போனால், அந்தப் பொலிஸ் கந்தோரில் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிஞ்ஞோராவுக்கும் நன்றாகத் தெரியும். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "போ. திரும்பி வரும்போது உன் இடத்தில் வேறொருத்தி நிற்பாள்."

பதில் ஆள்

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரயில் ஏறினேன். பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் றீட்டா அக்கா நின்றார். அவரும் மன்னார்தான், ஒரு வக்கீல் வீட்டில் வேலை. ஆளுக்கொரு இனிப்புப் பணிஸுக்குள் ஐஸ்கிரீம் வைத்து வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்தோம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல ஐஸ்கிரீம் முழங்கை வரைக்கும் வழிந்தது. "முதல்ல சாப்பிடு பிள்ளை, உருகுது. வேலை போறதெண்டால் ஐஸ்கிரீமையும் சேர்த்தே விடோணும்?" என்றார். சாப்பிட்டேன். பிறகு இருட்டும் வரை கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை.

திரும்பி வந்தபோது குசினியில் விளக்கு எரிந்தது. யன்னலுக்குள்ளால் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. தொட்டியில் குனிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் உடுப்புப் பெட்டியை எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்தபடி கதவைத் திறந்தேன். அவள் திரும்பினாள். சிஞ்ஞோரா. சட்டைக் கை இரண்டையும் மடித்துவிட்டிருந்தார், முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

பக்கத்தில் ஈரத் துணியோடு நின்ற டோரதி, கோப்பை துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "பின்னேரம் முழுக்க டெலிபோனில் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம். ஒரு வீட்டிலும் ஒருத்தியும் இல்லையாம். கடைசியில் நாங்களும் சேர்ந்து கழுவினோம். இங்கே வந்து நாங்கள் செய்ததில் இதுதான் நல்ல வேடிக்கை."

வெள்ளிக்கிழமை ஆள் கிடைத்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை விடிய நான் வேலையில் நின்றேன். அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த வியாழன், கேட்காமலே புறப்பட்டேன். றீட்டா அக்காவிடம் சொன்னபோது, அவர் பணிஸை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "வியாழக்கிழமையில எங்களுக்குப் பதில் ஆள் தேடினால் எப்பிடிப் பிள்ளை கிடைக்கும், அந்த ஆளும் எங்களோடைதானே இஞ்சை இருக்குது."

இப்போதெல்லாம் பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று விருந்தாளிகள் கேட்டால், பூதச் சிலைகளைச் சொன்ன கையோடு, வியாழன் பின்னேரம் பலெர்மோக் கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள், நகரத்துக் குசினிகளில் பாதி அங்கேதான் சும்மா இருக்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன்.