ஆசீர்வாதத்தின் பக்கத்தில்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கை தைக்கிற வசந்தகுமாரியிடம் யாராவது நாள் கேட்டால், "வெள்ளிக்கிழமை வாங்க, அதுக்குள்ள அவர் வரலேன்னா" என்பாள். புதிதாக வருபவர்கள் கடை முதலாளியைத்தான் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் சொல்வது இயேசுவை. எக்காளம் ஊதும், மேகத்தின்மேல் வருவார், மண்ணுக்குள் கிடப்பவர்கள் எழுந்திருப்பார்கள். அடுத்த பஸ் வரும் என்பதுபோல அத்தனை சாதாரணமாக நம்பினாள்.

காலையில் வீட்டு வாசலில் கோப்பியும் கையுமாகக் கிழக்கே பார்த்து நிற்பாள். எதிர் அடுக்குமாடி புளோக்கின் தலைக்கு மேலே மேகம் சிவக்கும்போது, சுவா சூ காங் கல்லறைத் தோட்டமே அவள் கண்முன் வந்துவிடும். அவள் கணவர் ஆசீர்வாதம் எழுந்து, கால்சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். இவள் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாள். அவளுடைய பரலோகமே அவ்வளவுதான். கோப்பி ஆறிப்போயிருக்கும்.

அந்தக் கனவில் மகன் ரஞ்சன் கல்லைத் தூக்கிப் போட்டான்.

"மா, அப்பா கிரேவுக்குப் பதினஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. தோண்டி எடுக்கணுமாம். எரிச்சு, அஸ்தி மாடத்துல வச்சிரலாம்."

சிங்கப்பூரில் செத்தவருக்கும் குத்தகைதான், யாரிடம் போய் முறையிடுவது!

"எரிக்கிறதா? அப்புறம் அந்த நாள்ல எங்கேருந்துடா எந்திரிப்பாரு?"

மண்ணிலிருந்து மனுஷனைப் படைத்தவருக்குச் சாம்பல் ஒரு பொருட்டா என்று பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். "பாஸ்டருக்கென்ன, அவர் சம்சாரம் நல்லா இருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துத் துணிக்கடை கதீஜாவிடமும் எரிந்து விழுந்தாள். "ஒங்க வாப்பாவத் தோண்டி எடுத்தாலும் திரும்ப மண்ணுலதானே வச்சாங்க? எங்களுக்கு மட்டும் என்ன நெருப்பு?"

"மண்ணுதான்க்கா, ஆனா தனிக்குழி இல்ல. பல பேரோட சேர்த்துதான். ஒங்க இயேசுதான் எங்களுக்கு ஈசா நபி, அவங்க வருவாங்கன்னு நாங்களும்தான் நம்புறோம். எழுப்புறவனுக்கு எங்க வாப்பாவத் தெரியாமலா போயிரும்?" கதீஜா துணியை மடித்தபடி கேட்டாள்: "சரி, மண்ணுலயே விட்டாலும் நீங்க அண்ணன் பக்கத்துலயா படுக்கப் போறீங்க?"

வசந்தகுமாரி தன் மெஷினுக்கே திரும்பிவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் செத்த வரிசைப்படிதான் குழி. ஆசீர்வாதத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சீனத்தம்மா, அந்தப் பக்கம் ஒரு மலையாளி. பூ வைக்கப் போகும்போதெல்லாம் அவர்கள் மேலிருந்த சருகையும் சேர்த்துத்தான் கூட்டினாள். ஆனாலும் அவர் பக்கத்தில் தனக்கு இடமில்லை என்பது அதுவரை புத்தியில் ஏறவே இல்லை.

மத்தியானம் தையல் மெஷின்மேல் தலைசாய்த்தவளுக்கு எக்காளம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் ஆசீர்வாதம் கண்ணாடியில்லாமல் நின்று, "வசந்தா, வசந்தா" என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அவளோ எங்கோ கடைசி வரிசையில் எழுந்து ஓடுகிறாள், ஓடுகிறாள், வரிசை தீரவில்லை. விழித்தபோது தைத்த துணி கண்ணீரில் நனைந்திருந்தது. அப்படியே மகனுக்குப் போன் போட்டாள்.

"ரஞ்சா, அந்த மாடத்துல ரெண்டு பேர வைக்கலாமா?"

"வைக்கலாம்மா. ஏன்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுலா" என்று போனை வைத்துவிட்டாள்.

தோண்டிய அன்று காலை, கல்லறைமேல் போட்டிருந்த கூடாரத்துக்குள் ஈர மண் வாசம். பெட்டி மக்கிப்போய், எலும்புகள் புல்வேர் சுற்றி வந்தன. அலறிவிடுவோம் என்று பயந்தவள் அலறவில்லை. "வாங்க, போவோம்" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

சாம்பல் கலசத்தை ரஞ்சன் மாடத்தின் சரி நடுவில் வைத்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையை உள்ளே விட்டுக் கலசத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"தள்ளி வைக்கணும்டா. எனக்கு எடம் வேணாமா?"