நிலவாய்க்குப் பசி எடுத்தது

மேதை என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தது தங்கையின் கணவர். கேலியாகத்தான் வைத்தார். அதைக் கேலி என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு மேதையிடம் சரக்கு இல்லை. அடக்கமாகச் சிரித்து, "நீங்களா ஆசைப்பட்டுக் கூப்பிடுறீங்க, நான் என்ன சொல்ல" என்று ஏற்றுக்கொண்டார்.

பிழைப்புக்கு ஒரு டைல்ஸ் கடையின் கிடங்கில் பொறுப்பாளர். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் அரைவேக்காடு என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். மந்திரமும் வாளும் பூதமும் உள்ள ஒரு கற்பனை உலகம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அங்கே தாங்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். அடி விழுந்ததா, தப்பித்தாரா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்லும் வேலை மேதையுடையது. அந்த இடத்தை வேறு யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு வாரத்துக்கு அவர் மூஞ்சியைப் பார்க்க முடியாது.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். தங்கைக்குத் திருடி வேடம். பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளைக்குக் கோடாலி வீரன் வேடம். அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு கிழட்டு வைத்தியராக வருவார். அந்த வைத்தியர் மேல் அவருக்கு அலாதிப் பிரியம். முழங்கால் வலி, கழுதைகளிடம் பயம், எப்போதோ ஓடிப்போன தம்பி என்று ஒரு முழு வாழ்க்கையையே அந்த வேடத்துக்குக் கட்டி வைத்திருந்தார்.

மேதையின் குறை என்னவென்றால், இவர்கள் ஒவ்வொரு வாரமும் ஜெயித்துத் தொலைத்தார்கள். அவர் மூன்று தலைப் பல்லியை இறக்கினார். மூன்று தலைகளையும் ஒன்றோடொன்று சண்டைக்கு இழுத்துவிட்டு, தங்கை நடுவில் நழுவிப் போனாள். நெருப்புப் பூதத்தை இறக்கினார். அதன் தீப்புண்ணுக்கு வைத்தியர் களிம்பு தடவ, அது ஊர்வரை கூடவே துணைக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் ரசித்திருப்பார். மேதைக்கு வயிறு எரிந்தது.

ஆகவே, உலகத்தில் எவனும் யோசித்திராத ஒரு மிருகத்தைப் படைக்கப்போவதாக வீட்டில் அறிவித்தார். மண்ணுக்குள் பதுங்கியிருந்து பாயும் மிருகம். முதலில் படம் போட்டுக் காட்டியபோது மனைவி, "மண்புழுவா?" என்று கேட்டார். அடுத்ததைப் பார்த்து, பெருச்சாளிக்கு எதற்குக் கொம்பு என்றார். மூன்றாவது, மணலில் குழி பறித்து அடியில் காத்திருந்தது. "இது குழியானைங்க. சின்ன வயசுல குச்சியால நோண்டி எடுப்போமே" என்றார். ரசனை கெட்டவர்களோடு குடித்தனம் நடத்துவதன் கொடுமையை மேதை அன்று ஒரு மணி நேரம் விளக்கினார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்த மனைவி அதைக் கேட்டபடியே தூங்கிவிட்டார்.

கடைசியில் பிறந்ததற்கு நிலவாய் என்று பெயர் வைத்தார். அதையும் குழியானைதான் பெற்றது. பெயர் மட்டும் அவருடையது. கண் கிடையாது. மண் வழியாகக் காலடியை உணரும். மேலே புல் முளைத்திருக்கும், வித்தியாசமே தெரியாது. கால் வைத்தால் தரையே வாயாகத் திறக்கும். பல் தேவையில்லை, அப்படியே விழுங்கிவிடும். வாள் இறங்காது, தீ பிடிக்காது, மந்திரம் பலிக்காது.

மனைவி கேட்டது ஒன்றுதான். "யாருமே அந்தப் பக்கம் வரலன்னா?"

"வருவாங்க."

அந்த ஞாயிறு மூவரையும் ஒரு புல்வெளிக்குக் கொண்டுவந்தார். வைத்தியர் வழக்கம்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். மேதை குரலைத் தாழ்த்தி, தரை திறந்தது என்றார். வைத்தியர் உள்ளே போய்விட்டார் என்றார்.

மருந்துக்கடைக்காரர் பகடையை எடுத்தார். "உருட்டணுமா சார்?"

"வேண்டாம். முடிஞ்சிடுச்சு."

அவர் பகடையைத் திரும்ப வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பரவாயில்லை, விளையாட்டுதானே என்றார். அந்த முகத்தைப் பார்த்தும் மேதைக்கு உறைக்கவில்லை. இப்போதாவது என் அருமை தெரிந்ததா என்பதுபோல மற்ற இருவரையும் பார்த்தார்.

 பக்கத்தில் பாறை இருக்கிறதா என்று தங்கை கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. இருவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அப்புறம்?" என்றார் மேதை.

"அப்புறம் ஒண்ணுமில்ல. உக்காந்திருக்கோம்."

அவர் இருட்ட வைத்தார். மழையைக் கொட்டினார். அவர்கள் அதையே பிடித்துக் குடித்தார்கள். பசிக்கும் என்று மிரட்டினார். மாப்பிள்ளை மூட்டையிலிருந்து ரொட்டியை எடுத்ததாகச் சொல்லிவிட்டு, நிஜமாகவே ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். கதையில் ஒரு வாரம் ஓடியது. பாறைமேல் இரண்டு பேர், மண்ணுக்கடியில் ஒரு மிருகம், மேசைக்கு இந்தப் பக்கம் கழுத்து வியர்த்த ஒரு கதாசிரியர்.

"எங்களுக்குப் பசிக்கும்னா அதுக்கும் பசிக்கும்ல அண்ணா?" என்றாள் தங்கை.

பொறுமை என்பது மேதையின் வம்சத்திலேயே கிடையாது. நிலவாய் வெளியே வந்தது என்று கத்தினார். பதுங்குவதற்கென்றே படைத்த மிருகத்தைப் படைத்தவரே வெட்டவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். மாப்பிள்ளை தூரத்தில் ஒரு கல்லை எறிந்தார். காலடி என்று நினைத்து அது அங்கே ஓடியது. தங்கை எதிர்ப்பக்கம் எறிந்தாள். இங்கே ஓடியது. ஓடிக் களைத்துக் குப்புற விழுந்தது.

"அதுக்குப் பல் இல்லைன்னு நீதான சொன்ன? அப்ப வைத்தியரை மென்னிருக்காது. உள்ளதான் இருப்பாரு" என்றாள் தங்கை.

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்தார். மேதை எழுந்தே விட்டார். ஆள் செத்தாச்சு, நான் சொன்னால் செத்தாச்சு, என் வீடு, என் மேசை, என் மிருகம் என்றார். பகடைகளை வாரிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். யாராவது வந்து கெஞ்சுவார்கள் என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.

யாரும் வரவில்லை. வெளியே மருந்துக்கடைக்காரரின் குரல்தான் கேட்டது. மிருகத்தின் வயிறு உள்ளே எப்படி இருக்கிறது, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற கழுதை தன்னை எப்படிப் பார்க்கிறது என்று வைத்தியர் விவரித்துக்கொண்டிருந்தார். நடுவே யாரோ சிரித்தார்கள். அது தன் மனைவியின் சிரிப்பு என்பது அவருக்குப் பிடிபடவே நேரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு முதல் ஆட்டம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு மாறியது. மனைவியும் போனார். மேதை சில வாரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, தானில்லாமல் அவர்கள் படும் பாட்டைக் கற்பனை செய்து சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு நாள் தாங்காமல் கிளம்பிப் போனார். மன்னிப்புக் கேட்கப் போனார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். வாசலில் நின்றபடி, நிலவாய் தன்னுடைய சொந்தப் படைப்பு, அதை அனுமதி இல்லாமல் இங்கே யாரும் பயன்படுத்தக் கூடாது என்றார்.

"அது எங்களுக்கு வேண்டாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "அன்னிக்கே வைத்தியரை வெளிய எடுத்துட்டு, அதைப் போக விட்டுட்டோம்."

மேதை உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் கதை சொல்லும் இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மனைவி பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிராமலே சொன்னார்:

"உக்காருங்க, இல்ல கிளம்புங்க. இது என் முறை."

மருந்துக்கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேதை அந்த நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தார். அதன் கால் ஆடுகிறது என்றார். பிறகு உட்கார்ந்தார்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார். மந்திரவாதி வேடம். மாதம் ஒருமுறையாவது செத்துப்போகிறார். ஒவ்வொரு சாவுக்கும் விதியே தப்பு என்று நிரூபிக்கிறார். யாரும் மறுப்பதில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று பிஸ்கட் தின்றுகொண்டு காத்திருக்கிறார்கள்.