மிக்ஸரில் ஒரு பென்சில் கோடு

என் மச்சினன் என்னிடமிருந்து சவுண்ட் செட்டைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேவும் பார்த்தேன். யாரையும் லேசில் நம்பாத பிறவி நான். விடிந்தால் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லையே, தோட்டத்துரை மருந்தடித்தே எல்லாவற்றையும் விரட்டிவிட்டார் என்று ஃபெக்டரி முழுக்கச் சொல்லித் திரிந்தவன்.

பதினெட்டு வருடமாக அந்தத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டுகிறேன். அதற்கு முன் கொஞ்ச காலம் ஹிக்கடுவையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அங்கே கடற்கரையில் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி ரெகே போடுவார்கள். பாட்டில் ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. ஆனால் பேஸ் அடித்தால் வெள்ளைக்காரன், மீன்காரன், கோப்பை கழுவுகிறவன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு அசையும். அந்தப் பைத்தியம் என்னோடு மலைக்கு வந்துவிட்டது. நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டும் மச்சினனைச் சேர்த்துக்கொண்டு, பலகை வாங்கிப் பெட்டிகளை நாங்களே அடித்தோம். வயர், கரண்ட் வேலை அவனுடையது. மிக்ஸரில் நான் மட்டும்தான் கை வைப்பேன். அதுதான் பேச்சு. அந்த இடத்தில் நிற்கும்போது மட்டும்தான் நானும் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கல்யாண வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழ் நான் வைத்த இடத்தில் இல்லை. அடுத்த முறை அதன் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நான் தொடவே இல்லீங்க மச்சான்" என்றான்.

பச்சைப் பொய். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், பின்னாலிருந்து கூப்பிடாமல் சுற்றி வந்து முகத்துக்கு நேரே நிற்பான். அடுப்படியில் அக்காவும் தம்பியும் குசுகுசுப்பார்கள். நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். என்ன ரகசியம் என்று கேட்டால், "ஒன்னுமில்லீங்க, சும்மா" என்பாள் என் மனைவி. சும்மா பேசுகிறவர்கள் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

இந்த வருடக் கோயில் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் தண்ணி விளையாட்டு. பகல் இரண்டு மணிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கினோம். மஞ்சள் தண்ணீர் தெறிக்காமலிருக்க, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கை வாங்கி ஆம்ப்ளிஃபையரை மூடினோம். பாட்டைப் போட்டதும் சனம் ஆட இறங்கியது. கோயில் தலைவர் காதைப் பொத்திக்கொண்டு வந்தவர் என்னிடம் வரவில்லை. மச்சினனுக்குக் கண் காட்டினார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டேன். யாரோ ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். நல்லதாகப் போயிற்று, அடையாளம் தெரியாது.

தலைவரும் மச்சினனும் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று கத்திப் பேசினார்கள். பேஸ் அடிக்கிற அடியில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். ஓட்டோக்காரன் அல்லவா, ஒன்றை மறந்துவிட்டான். ரோலர் ஓடும்போது கத்தினாலும் கேட்காது. நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அறையின் அந்தக் கோடியில் ஒருவன் எங்கள் மேலதிகாரி டீமேக்கரைத் திட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

தலைவரின் உதடு சொன்னது: "காதக் கிழிக்குதுப்பா. அடுத்த வருஷம் ராகலக்காரன் சவுண்ட் செட்டத்தான் புடிக்கணும்."

மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான். "அவருக்குக் காது மந்தமாயிருச்சுங்க தலைவரே. ரோலர் சத்தத்துல போனது. கீச்சுச் சத்தம் கேக்காம அவரு கூட்டி வச்சிடுறாரு. ரெண்டு வருஷமா நாந்தான் பின்னாலயே கொறச்சி வைக்கிறேன். சொன்னா ஒடஞ்சி போயிருவாருன்னு அக்கா அழுவுது. அவர மட்டும் எறக்கிறாதீங்க."

சொல்லிவிட்டுக் குமிழைக் கொஞ்சம் இறக்கினான். ஆடிக்கொண்டிருந்தவர்களின் முகச் சுளிப்பு மாறியது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

குருவிகள் எங்கேயும் போகவில்லை.

வெட்கமாக இருந்தது. அவன்மேல் கோபமும் வந்தது, இவன் யார் எனக்காகக் கும்பிட என்று. அந்தக் கோபத்தோடேயே மிக்ஸரிடம் போனேன். மச்சினன் பதறிக் கையை இழுத்துக்கொண்டான். நான் ஈரக் கட்டைவிரலால் பென்சில் கோட்டைத் துடைத்தேன்.

"நீயே வையி மாப்ள. நான் சனத்தோட நிக்கிறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னான். உதடு தெரியவில்லை. என்ன சொன்னானென்று நானும் கேட்கவில்லை.

கூட்டத்துக்குள் போய், மஞ்சள் வழிய ஆடிக்கொண்டிருந்த பக்கத்து லயத்துப் பெண்ணிடம் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்பவும் போலத்தாண்ணே, நல்லா இருக்கு."