ஆறு பத்துக்கு வந்த பெண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பதினோரு வருடமாக நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாடியை எண்ணிப் பார்க்காமல் தாளில் எழுதாதே என்று அவர்களைத் திட்டுகிறவள் நான். இதிலும் என் கண்ணால் பார்க்காத, காதால் கேட்காத எதையும் எழுதவில்லை.

கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்குப் போய், பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித் தருவது என் வேலை. ஒரு நிமிடம்தான் அவகாசம். துடைத்து, தலையைச் சரியாக வைத்து, மாஸ்க்கைப் பொருத்தி, ரப்பர் பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். பழகுவதற்கு ஒரு பொம்மைக் குழந்தை உண்டு. படுத்த இடத்தில் கிடந்தபடியே எல்லோரையும் வியர்க்க வைப்பதால் நர்ஸ்கள் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்று சரியாக உள்ளே போனால் முதலாளியின் நெஞ்சு எழும்பும். உள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பையை அழுத்தாமல் அந்தச் சத்தம் வராது.

அன்று போனது மலையடிவாரத்தில் நான்கே அறைகள் கொண்ட ஒரு நிலையம். சுற்றுவட்டாரத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினோரு பேர் தேறினார்கள். தேறாதவள் அந்த நிலையத்து நர்ஸ்தான். முப்பது வயதிருக்கும். மாஸ்க்கைத் தொட்டதுமே கையை எடுத்துவிடுவாள். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தேன். மூன்று முறையும் சத்தம் வரவில்லை. என்னம்மா பிரச்சினை என்று கேட்டேன். ஒன்றுமில்லை மேடம் என்று தரையைப் பார்த்தாள்.

ஐந்து நாற்பதுக்கு வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அவள் பின்னால் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். என் வண்டி வர ஏழு மணியாகும். தனியாக உட்கார்ந்து மதிப்பெண் தாளை எடுத்தேன்.

‘தகுதியில்லை’ என்று எழுதினால் அவளைப் பிரசவம் பார்க்க விடமாட்டார்கள். வேறு ஆள் வரும்வரை அந்த ஊர்ப் பெண்கள் வலியோடு இரண்டு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். எழுதாமல் விட்டால்... ஏதோ ஒரு குழந்தை அவள் கையிலேயே போகும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

டக்.

பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறு பத்து.

திரும்பினேன். முதலாளி கிடந்த மேசையருகே ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. பிரசவத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பச்சை அங்கி. பக்கத்து அறையில் சேர்ந்திருப்பவள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

பொம்மையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ரப்பர் பை என் மேசையில் இருந்தது.

டக்... டக்... டக்...

“அவளுக்கு இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க.”

யாருக்கு என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“அவ கைவிடல. முதுகத் தட்டிக்கிட்டே இருந்தா. வேற என்ன செய்யணும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல.”



சொட்... சொட்...

ஸ்டூலுக்குக் கீழிருந்து வந்தது அந்தச் சத்தம். குனிந்து பார்த்தேன்.

தரை காய்ந்திருந்தது.

சொட்... சொட்...

வலிக்கிறதா என்றுதான் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“இப்ப இல்ல.”

எழுந்தேன். நாற்காலி சரிந்தது. பிடித்து நிறுத்தி நிமிர்ந்தேன்.

ஸ்டூல் காலி.

முதலாளியின் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கியது...

இரண்டு முறை.

நின்றது.

தொட்டேன். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

மணி ஆறு பதினான்கு.

பக்கத்து அறைக்கு ஓடினேன். வெளியே பூட்டுத் தொங்கியது.

வண்டி வந்ததும் டிரைவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். நர்ஸ் வீட்டில் தங்கினேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தூங்கவும் இல்லை. காலை ஏழு மணிக்கு அவளை முதலாளி முன்னால் நிறுத்தி, அவள் கைமேல் என் கையை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எட்டு முறை தப்பியது. ஒன்பதாவது முறை என் கையை எடுத்துவிட்டேன். ‘டக்’ என்றது. மறுபடியும் ‘டக்’. அவள் பையைக் கீழே வைத்தாள். சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து நேற்று நடந்ததைச் சொன்னேன். புருவத் தழும்பைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. அவள் வேலைக்கு வந்த புதிது. பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. மூச்சில்லை. பிரசவ அறை மூலையில் இருந்த மேசையில் போட்டு முதுகைத் தட்டியிருக்கிறாள், காலைத் தேய்த்திருக்கிறாள், நாற்பது நிமிடம். குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாளாம். படுக்கை முழுக்க ரத்தம். வண்டி வருவதற்குள் தாயும் போய்விட்டாள்.

அந்தப் பெண் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாயே என்றேன்.

“எப்படி மேடம் கூப்பிடுவாங்க? அவங்களுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது.”

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று நர்ஸ் மறுபடியும் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“குரல் எப்படி இருந்துச்சு?”

சொல்ல வாயெடுத்தேன். மெல்லிசா, கட்டையா... யோசித்து யோசித்துப் பார்த்தேன். வார்த்தைகள் அப்படியே இருந்தன. குரல் மட்டும் எனக்கு நினைவில் இல்லை.