சுருட்டுப் பெட்டி கிட்டாரில் நிலப் பங்கீடு

ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறவனுக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும் என்பார்கள்; குடவாசலில் கடை போட்ட பிறகு, வருகிறவர்கள் சொல்லும் யோசனை மட்டும் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சக தொழில்காரர்களே, இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

நீளம் பத்தாது

கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் போராட்டம் நடந்த காலம். தங்கராசு என்ற விவசாயத் தொழிலாளி ஒரு மரச் சுருட்டுப் பெட்டியோடு வந்து நின்றான். அதில் கிட்டார் செய்துதர வேண்டுமாம். திருத்துறைப்பூண்டியில் நடக்கும் விவசாயச் சங்க மாநாட்டில் அவன் பாடி ஜனங்கள் கை தட்டினால்தான் தன் மகள் மல்லிகாவைக் கொடுப்பேன் என்று சங்கத்தின் கிளைச் செயலாளர் கோவிந்தன் சொல்லிவிட்டாராம். ஆக, என் தலையில் ஒரு கல்யாணம்.

கழுத்தின் மேல்முனைக் கட்டையிலிருந்து பெட்டிமேல் கம்பியைத் தாங்கும் குதிரை வரைக்கும் இருபத்துநாலு அங்குலம் என்று குறித்தேன். அதற்குமேல் போனால் கழுத்துக் கனத்தில் பெட்டி தூக்கிக்கொள்ளும். அவனுக்குத் திருப்தியில்லை. துணி அளப்பவன் மாதிரி இரண்டு கையையும் விரித்தான்.

“கடைசி வரிசையில உக்காந்திருக்கவனுக்கும் தெரியணும்ல அண்ணே?”

சமமாப் போடுங்க

கழுத்தில் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுக் கம்பிகளைப் பதிக்கும் அன்று கோவிந்தனே வந்துவிட்டார். வீணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெட்டுகள் மேலே அகலமாக ஆரம்பித்து, குதிரை பக்கம் வர வர நெருங்கிவிடும். கோவிந்தன் வீணையைப் பார்த்தவர் அல்ல, நிலத்தைப் பார்த்தவர். என் பென்சில் கோடுகளைக் கண்டதும் அவருக்கு முகம் சிவந்தது. சுருதி சேர வேண்டுமானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தங்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். கல்யாணத்தைக் கெடுத்த பாவம் எனக்கெதற்கு? எல்லா மெட்டையும் ஒரே இடைவெளியில் பதித்தேன். பண்ணையார் நிலத்தின் வேலி அளவையும் ஏழையின் துண்டு நிலக் குழி அளவையும் இழுத்து அவர் சொன்ன வார்த்தை இதுதான்:

“மேல இருக்கவனுக்கு வேலிக் கணக்கு, கீழ இருக்கவனுக்குக் குழிக் கணக்கா? உச்சவரம்புச் சட்டமே வந்தாச்சு தம்பி, அளந்து சமமாப் போடுங்க!”

குதிரைக்கு ராகு காலம்

குதிரையை நான் ஒட்டுவதில்லை. கம்பியின் அழுத்தத்தில் தானே நிற்கும். சுருதி பார்த்து முன்னே பின்னே நகர்த்தலாம். அதுதான் வினையாகப் போயிற்று. கிட்டார் வீட்டுக்குப் போனதும் தங்கராசுவின் அம்மா ஜோசியரைக் கேட்டு, இருபத்துநாலு மகனுக்கு ஆகாது என்று குதிரையை ஒரு விரல்கடை தள்ளிவைத்தார். கோவிந்தனுக்குச் சேதி போயிற்று. ராகு காலமாகப் பார்த்து வந்து பழைய இடத்துக்கே தள்ளினார். அந்தம்மா மறுபடி நல்ல நேரம் பார்த்தார். தகராறு பிடித்த நிலத்தின் எல்லைக்கல்கூட இவ்வளவு நகர்ந்திருக்காது.

தங்கராசு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

“பசையைப் போட்டு ஒட்டிருங்கண்ணே, ரெண்டு பேரும் சேந்து என்னைப் பிரம்மச்சாரியாவே ஆக்கிருவாங்க!”

வரப்பில்லாத மேடை

குதிரை ஒட்டியாயிற்று, மெட்டு திருந்தவில்லையே. குறடும் கையுமாக நானும் மாநாட்டுக்குக் கூடப் போனேன். பந்தலுக்குப் பின்னால் தங்கராசு மீட்டிப் பார்த்தபோது எருமைக்குத் தொண்டை கட்டியது போல் இருந்தது. அடுத்து அவன் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள். எனக்குச் சட்டென்று கோட்டுவாத்தியம் ஞாபகம் வந்தது. அதில் மெட்டே கிடையாது, கம்பிமேல் கட்டையை வழுக்கித்தான் வாசிப்பார்கள். குறட்டால் அத்தனை மெட்டையும் பிடுங்கி எறிந்தேன். பக்கத்தில் ஒருவர் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டிருந்த தைலப் புட்டியைப் பிடுங்கி அவன் கையில் திணித்தேன். “காது சொல்ற இடத்துல நிறுத்துடா” என்று மேடைக்குத் தள்ளினேன்.

முதல் இழுப்புக்கு ஜனங்கள் சிரித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கூலிப் பாட்டைப் பாடினான். புட்டி கூடவே அழுதுகொண்டு போயிற்று. முடிந்தபோது பந்தலே கை தட்டியது. ஆனால் கோவிந்தன் மேடையேறி, கிட்டாரை வாங்கி, மொட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவர் பங்கிட்ட நிலமாயிற்றே! நான் பந்தல் கால் மறைவுக்குப் போய்விட்டேன். அவர் மைக்கைப் பிடித்தார்.

“அளந்து வரப்பு போட்டுப் பங்கு வச்சோம், சரிப்படல. எங்க மாப்ள வரப்பையே எடுத்துட்டாரு! ஒரே கூட்டுப்பண்ணை, தோழர்களே!”

அதன்பிறகு கிளைக்குக் கிளை மெட்டில்லாத கிட்டார்தான் வேண்டும் என்று வந்து நின்றார்கள். பாதி வேலை மிச்சமானதால், பொதுவுடைமையால் பிழைத்துக்கொண்ட ஒரே முதலாளி இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.